எட்டுப் பேர் ஏறி நின்ற சைக்கிள் ராக்

வண்டிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், போன வாரம் என் வீட்டுக்கு வந்தார். கையில் இன்டர்நெட்டிலிருந்து அச்செடுத்த பதினாறு தாள்கள். வேனுக்குப் பின்னால் கொக்கியில் மாட்டுகிற சைக்கிள் ராக் ஒன்று வாங்க வேண்டுமாம். எது உறுதியானது என்று நான் சொல்ல வேண்டுமாம். தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். எத்தனை கிலோ தாங்கும், குழாய் எத்தனை அங்குலம், பெயின்ட் என்ன வகை, எல்லாம் இருந்தது. "இதை மாட்டிக்கிட்டு வண்டி எங்கே போகப் போகுது?" என்று கேட்டேன். "அதெல்லாம் பின்னால தீர்மானிப்பாங்க சார்" என்றார். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அவர் போன பிறகு கொஞ்ச நேரம் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு நிறுத்திக்கொண்டேன். அவர் செய்யப்போகும் அதே முட்டாள்தனத்தை நான் பதினாறு தாள் இல்லாமலேயே, அவரைவிடப் பல மடங்கு பெரிதாகச் செய்து முடித்தவன். அதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன். எந்த போல்ட் போடுவது, எப்படி இறுக்குவது என்பதெல்லாம் அந்தத் தாள்களிலேயே இருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள், உங்களுக்குத்தான் படிப்பு இருக்கிறதே.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் தம்பானூரில் ஒரு டிராவல்ஸில் வண்டி சூப்பர்வைசர். கோவளத்தில் வந்து தங்கும் வெள்ளைக்காரர்களை ஊர் சுற்றிக் காட்டுவது கம்பெனியின் தொழில். அந்த வருஷம் அவர்களுக்குப் புதிதாக ஒரு பைத்தியம் பிடித்தது. சைக்கிளோடு அவர்களைப் பொன்முடி உச்சிக்கு வேனில் ஏற்றிப் போய் விட வேண்டும். அங்கிருந்து இருபத்திரண்டு கொண்டையூசி வளைவுகளையும் அவர்கள் சைக்கிளில் இறங்குவார்கள். காலி வேன் பின்னாலேயே ஊர்ந்து வர வேண்டும், எவராவது விழுந்து வைத்தால் அள்ளிப் போட. ஏறுவதற்கு வண்டி, இறங்குவதற்குச் சைக்கிள். இதற்கு ஊர் விட்டு ஊர் வர வேண்டுமா என்று டிரைவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஆள் குவிந்தது.

முதலில் சைக்கிள்களை வேனின் கூரையில் கட்டினோம். கல்லாறு தாண்டியதும் மரக்கிளைகள் அவற்றைப் பிறாண்டின. சைக்கிளில் ஒரு கோடு விழுந்தால் அந்தத் துரைமார் பிள்ளைக்கு அடிபட்டதுபோல் முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள். ஆகவே பின்னால் ராக் மாட்டுவது என்று முடிவாயிற்று.

எங்கள் மானேஜர் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேஜையிலிருந்து எழுந்து வந்தவர். வண்டியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அதன் நிறம்தான். யாரோ ஒரு வாடிக்கையாளர் மூலம் வெளிநாட்டு அலுமினிய ராக் ஒன்றை வரவழைத்தார். கண்ணாடிபோல் பளபளத்தது. சைக்கிள் இல்லாதபோது ஒரு கையால் மேலே மடக்கினால் வேனின் பின்கதவோடு ஒட்டிக்கொள்ளும். அதை வேனில் மாட்டுவதற்கு முன்பு இரண்டு நாள் ஆபீஸ் முன்னறையில் நிறுத்தி, வருகிறவர்களுக்கெல்லாம் மடக்கி மடக்கிக் காட்டினார். "எந்தொரு பினிஷிங், கண்டோ!" என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். முதல் பயணத்திலேயே, சுள்ளிமானூர் பக்கம் ஒரு பள்ளத்தில், ஒரு சைக்கிள் கழன்று நடுரோட்டில் விழுந்தது. மானேஜர் ராக்கைக் குறை சொல்லவில்லை. "ரோடு ஸ்டாண்டர்ட் இல்லா" என்றார். ராக்குக்குத் தகுந்த ரோடு அரசாங்கம் போட்டுத் தரும் வரை காத்திருக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ.

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. அலுமினியத்தைக் கழற்றி ஸ்டோர் ரூமில் எறிந்துவிட்டு, "நான் செய்து காட்டுகிறேன் பாருங்கள்" என்று கரமனையில் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனேன். அங்கே இருந்த மேஸ்திரி அதிகம் பேசாதவர். நான் பேசுகிறவன். சேஸிஸிலேயே கனமான சதுரக் குழாய் வைத்து, அதில் ராக்கின் தண்டைச் செருகி, குறுக்கே இரண்டு இரும்புச் சேனல். அவற்றுக்கு நடுவே, சைக்கிளை ஏற்றுகிறவன் கால் வைத்து நிற்க, வழுக்காத இரும்புத் தகடு. வேனின் அகலத்தைவிட இரு பக்கமும் ஒரு சாண் அதிகம், பின்னால் இரண்டரை அடி. எல்லாவற்றையும் காகிதத்தில் வரைந்து கொடுத்தேன்.

மேஸ்திரி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாரே, ஒரு கீல் வச்சு மேல மடக்குற மாதிரி செஞ்சா என்ன? சைக்கிள் இல்லாம போவும்போ இது சும்மா நீட்டிக்கிட்டு நிக்குமே" என்றார்.

"மடங்குறதெல்லாம் உறுதியா மேஸ்திரி? அந்த அலுமினியச் சனியனும்தான் மடங்கிச்சு, கதி என்னாச்சு பாத்தீங்கல்லே?"

"அது கழன்றது கீலால இல்லியே சாரே. கட்டினது சரியில்லே."

"நான் சொன்னபடி செய்யுங்க."

செய்தார். என் தொழில் வாழ்க்கையில் எனக்கு இலவசமாகக் கிடைத்த மிகச் சரியான ஆலோசனை அது. நான் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

ராக் வேனில் ஏறிய அன்று நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஷெட்டில் இருந்த டிரைவர்களையெல்லாம் கூப்பிட்டேன். மானேஜரையும் வரச் சொன்னேன். எட்டுப் பேரைப் பொறுக்கி எடுத்தேன், அதில் மூன்று பேர் நல்ல தொப்பைக்காரர்கள். ராக்கின் மேல் வரிசையாக ஏறி நிற்கச் சொன்னேன். "குதிங்க!" என்றேன். குதித்தார்கள். வேன்தான் ஆடியது, ராக் ஆடவில்லை. கைதட்டினார்கள். நான் அன்றைக்கு முழுவதும் தரையில் கால் படாமல் நடந்தேன்.

சைக்கிள் தாங்குமா என்று பார்க்க நான் மனிதர்களை ஏற்றினேன். நம் ஊரில் எதையுமே அப்படித்தான் சோதிப்போம். கட்டிலோ மேஜையோ பரணோ எதுவானாலும் உடனே ஒரு தடியனை ஏறி நிற்கச் சொல்வோம். அது ஆள் நிற்கிற இடம் என்று அன்றைக்கு எல்லோருக்கும் நானே சொல்லிக்கொடுத்தேன். வேன் மலையிலிருந்து இறங்கும்போது சைக்கிள்கள் எல்லாம் ரோட்டில் இருக்கும், ராக் காலியாக இருக்கும் என்ற சின்னக் கணக்குகூட என் மண்டையில் ஏறவில்லை. காலியாக ஒரு படி, அதுவும் பஸ் இல்லாத மலையில்!

எட்டுப் பேரில் ஒருவன் செல்லப்பன். நெய்யாற்றின்கரைப் பக்கத்துக்காரன், பொன்முடி வண்டியை நான் அவனிடம்தான் கொடுத்திருந்தேன். மூன்று வருஷமாகத் தற்காலிக டிரைவர். அடுத்த மாதம் நிரந்தரமாக்கும் உத்தரவு வர வேண்டும். வந்தால்தான் பெண்ணை நர்சிங் படிக்க அனுப்ப முடியும் என்று ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். அவன் அதைத் தவிர வேறு பேசியதில்லை.

ராக் மாட்டிய முதல் சனிக்கிழமை நானும் வேனில் போனேன், என் படைப்பை நானே மெச்சிக்கொள்ள. உச்சியில் சைக்கிள்களை இறக்கினோம். துரைமார் தலையில் தொப்பி மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். நாங்கள் நகரும்போது எஸ்டேட் ஆட்கள் மூன்று பேர் ஓடி வந்தார்கள். லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கிற நம் தமிழ் ஆட்கள்தான். மலைக்குக் கீழே விதுரா சந்தைக்குப் போக வேண்டுமாம், பஸ் வரவில்லையாம். பொன்முடி பஸ்ஸைப் பற்றி உங்களுக்குத் தெரியாததில்லை. அது வந்தால்தான் செய்தி.

செல்லப்பன் என்னைப் பார்த்தான். "உள்ள ஏத்தட்டா சாரே? ஸீட்டெல்லாம் சும்மாத்தானே கிடக்கு."

கம்பெனி விதிப்படி வெளியாள் யாரையும் வண்டியில் ஏற்றக் கூடாது. அதோடு மானேஜர் தினமும் காலையில் ஸீட் உறைகளை முகர்ந்து பார்க்காத குறையாகச் சோதிப்பார். செம்மண் கறை கண்டால் ஆகாசத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். நான் யோசித்தேன். பிறகு என் வாழ்நாளிலேயே மிகப் புத்திசாலித்தனமானது என்று அப்போது நினைத்த ஒரு தீர்ப்பைச் சொன்னேன்.

"ஸீட்டு வேண்டாம். பின்னால ராக்குல நிக்கட்டும். வெளியில நின்னா அது வண்டியில ஏறினதாவாது. விதியும் மீறல, பாவப்பட்டவங்களும் சந்தைக்குப் போய்ச் சேருவாங்க."

"சார் வக்கீலாப் போயிருக்கணும்" என்று செல்லப்பன் சிரித்தான். நானும் சிரித்தேன். மூன்று பேரும் ஏறிப் பின்பக்கத்து ஏணிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். என் ராக் ஒரு முனகல்கூட இல்லாமல் அவர்களைத் தாங்கியது. எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைப்பானேன்.

அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. சனிக்கிழமை என்றால் மேலே நான்கைந்து பேர் எங்கள் வேனுக்காகவே காத்திருப்பார்கள். "ஸாயிப்பு வண்டி", வெள்ளைக்காரன் வண்டி, என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். உள்ளே பதினான்கு ஸீட் காலியாகக் கிடக்க, வெளியே மனிதர்கள் தொங்கிக்கொண்டு வந்தார்கள். அதில் விபரீதம் ஒன்றும் இருப்பதாக எங்கள் யாருக்கும் படவில்லை.

அந்தச் சனிக்கிழமையும் நான் முன்ஸீட்டில் இருந்தேன். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. துரைமார் முன்னால் இறங்கிப் போய்விட்டார்கள். ராக்கில் மூன்று பேர். இடது ஓரத்தில் மரியபுஷ்பம் என்ற கொழுந்து கிள்ளும் அம்மா, நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரு கையில் கூடை. ஏறும்போது செல்லப்பனிடம் கேட்டார், செல்லப்பன் என் முகத்தைப் பார்த்தான், நான் தலையாட்டினேன். எல்லா வாரமும் நடப்பதுதான்.

பாதி வளைவுகள் தாண்டியிருப்போம். எதிரே கொழுந்து லாரி ஏறி வந்தது. ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது மலைச் சட்டம். செல்லப்பன் வேனைப் பின்னால் எடுக்க வேண்டியதாயிற்று. பின்பக்கம் அவனுக்குத் தெரியாது, பின்கண்ணாடி முழுக்கத் துரைமாரின் மூட்டைகள். இந்த மாதிரி இடத்தில் கூட இருப்பவன் கீழே இறங்கிப் பின்னால் போய் நின்று கை காட்ட வேண்டும். இதை டிரைவர்களுக்கு நான்தான் வருஷக்கணக்காகப் பாடம் எடுத்திருக்கிறேன். அன்றைக்கு நான் வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். இறங்கினால் நனையும். ஜன்னல் வழியே தலையை நீட்டி, "வா, வா, இடம் இருக்கு, வா" என்றேன்.

இடம் இருந்தது, வேனுக்கு. சாரலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு, வேனின் மூலையை மட்டும் பார்த்தே நான் தூரத்தை அளந்தேன். அதற்கும் பின்னால் இரண்டரை அடி இரும்பு நீட்டிக்கொண்டிருப்பதையும், அதை வரைந்தவன் நான்தான் என்பதையும் அந்த நேரத்தில் மறந்தே போனேன். லாரிக்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்திருந்தான். பின்னால் கத்திய சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. இரண்டு பேர் குதித்துவிட்டார்கள். ஒரு கையில் கூடையோடு இருந்த மரியபுஷ்பத்தால் குதிக்க முடியவில்லை. அவருடைய இடது பாதம் ராக்கின் விளிம்புக்கும் மலையோரத்துக் கற்கட்டுக்கும் நடுவில் போயிற்று.

கற்கட்டிலிருந்து ஒரு கல் பெயர்ந்து விழுந்தது. ராக் நெளியவில்லை. நான் பின்னால் போய் முதலில் பார்த்தது அதைத்தான். அந்த அலுமினியமாக இருந்திருந்தால் அப்பளம்போல் மடிந்து, அந்தக் காலை விட்டிருக்கும். அதை மடக்கி வைத்திருந்தால் அங்கே கால் வைக்கவே இடம் இருந்திருக்காது. நான் செய்த ராக் எதற்கும் வளையாதது. கணுக்கால் எலும்பு மூன்று இடத்தில் முறிந்திருந்தது.

நான் ராக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். செல்லப்பன்தான் வேனை முன்னால் எடுத்து, அந்த அம்மாவைத் தூக்கி உள்ளே ஸீட்டில் படுக்க வைத்தான். இரத்தமும் செம்மண்ணும் உறையில் அப்பியது. லாரி ஒதுங்கியதும் அவன் வண்டியை விரட்டப் போகும்போதுதான் எனக்கு வாய் திறந்தது. திறந்து வந்த வார்த்தை என்ன தெரியுமா?

"செல்லப்பா, கெஸ்டுங்க முன்னால இருக்காங்க. அவங்களை விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு ஆர்டர் இருக்கு."

அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஸாயிப்புமாருக்குச் சைக்கிள் உண்டு சாரே. இவங்களுக்குக் கால் இல்லே" என்றான். மூன்று வளைவு தாண்டியதும் துரைமாரைக் கடந்தோம். அவர்கள் கையைக் காட்டிக் கூப்பிட்டார்கள். செல்லப்பன் நிறுத்தவில்லை. விதுரா ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, அங்கிருந்து மெடிக்கல் காலேஜ். தாமதித்திருந்தால் பாதத்தை எடுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அந்த நாளில் சரியாக யோசித்தவன் அவன் ஒருவன்தான்.

திங்கட்கிழமை மானேஜர் விசாரித்தார். அவர் மேஜையில் துரைமார் எழுதிய புகார் இருந்தது. சாரலில் நனைந்துகொண்டு ஒன்றரை மணி நேரம் மலையடிவாரத்தில் நின்றார்களாம். கால் முறிந்த பெண் பற்றி மானேஜர் இரண்டு கேள்வி கேட்டார். புகாரைப் பற்றி இருபது கேள்வி கேட்டார்.

"கெஸ்டுகளைக் காட்டில இட்டுட்டுப் போயதாரு? ஔட்ஸைடர்ஸை வண்டில கேற்றான் ஆரு பறஞ்ஞு?" என்று செல்லப்பனிடம் கத்தினார். கெஸ்டுகளைக் காட்டில் விட்டுவிட்டுப் போனது யார், வெளியாளை ஏற்றச் சொன்னது யார் என்று கேட்கிறார்.

செல்லப்பன் தரையைப் பார்த்தான். என் பக்கம் அவன் கண் வரவே இல்லை. "பாவங்க சாரே. பஸ்ஸு இல்லே" என்றான். அவ்வளவுதான்.

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. அதை அவ்வளவு கவனமாக நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று செல்லப்பனை அனுப்பிவிட்டார்கள்.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். எனக்கு அப்போது காரணங்கள் நிறைய இருந்தன. இன்னும் ஏழு வருஷ சர்வீஸ் இருக்கிறது. மானேஜர் கோபம் ஆறட்டும். செல்லப்பனுக்கு எப்படியும் ஒன்றும் ஆகாது. நான் உள்ளே இருந்தால்தான் அவனுக்கு உதவ முடியும். இப்படித் தினமும் காலையில் ஒன்று புதிதாகக் கிடைத்தது. கோழைக்குக் காரணம் கிடைப்பதுபோல் வேறு எவனுக்கும் எதுவும் கிடைப்பதில்லை. ஷெட்டில் டிரைவர்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். எட்டுப் பேரைக் குதிக்கச் சொன்னது அவர்களுக்குத் தெரியும். தலையாட்டிய விஷயமும் தெரியாமலா இருக்கும்?

பத்தாவது நாள் மானேஜர் என்னிடம் டைப் அடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார். டிரைவர் வற்புறுத்திக் கூப்பிட்டதால் வண்டியின் பின்னால் ஏறினேன் என்று மரியபுஷ்பம் சொல்வதாக அதில் இருந்தது. அவரிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும். "இது கிட்டியா மதி, கேஸ் க்ளோஸ்" என்றார். கிடைத்தால் போதுமாம், செல்லப்பனோடு கதை முடிந்துவிடுமாம். நான் தாளை வாங்கிக்கொண்டேன். வெட்கமில்லாமல் வேன் ஏறிப் பொன்முடிக்கும் போனேன்.

லயத்தின் கடைசி வீடு. மரியபுஷ்பம் மாவுக்கட்டுப் போட்ட காலை ஒரு பலகைப்பெட்டி மேல் நீட்டி வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க சார், இருங்க" என்றார். எனக்கு அந்த மரியாதை முள்ளாய்க் குத்தியது. தாளை நீட்டினேன்.

"இங்கிலீஷு எனக்கு எங்கே தெரியும்? நீங்களே தமிழ்ல படிச்சுச் சொல்லுங்க."

படித்தேன். என் குரலிலேயே அந்தப் பொய்யைக் கேட்க எனக்கு அருவருப்பாக இருந்தது. அவர் கல் பொறுக்குவதை நிறுத்தாமல் கேட்டார். முடித்ததும், "இன்னொரு தடவ படிங்க" என்றார். மறுபடி படித்தேன்.

"செல்லப்பன் என்னை எங்க கூப்பிட்டான்? நான்தான் கேட்டேன். அவன் உங்க மூஞ்சியப் பாத்தான். நீங்க தலைய ஆட்டினீங்க. அது இதுல எங்க இருக்கு சார்?"

"இல்ல" என்றேன்.

"அப்ப இது யாரோ வேற வண்டிக்கு எழுதினதா இருக்கும். கொண்டு போயிருங்க." சுளகில் அரிசியைப் புடைத்தார். "அவன் இல்லேன்னா எனக்கு இந்தக் காலு இருந்திருக்காது. வேலைக்கு வரச் சொல்லிட்டாங்களா அவனை?"

"இன்னும் இல்லம்மா."

அவர் மறுபடியும் கல் பொறுக்கத் தொடங்கினார். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஆபீஸுக்குப் போய், என் கையாலேயே எழுதினேன். ராக்கை வரைந்தது நான். கீல் வேண்டும் என்று சொன்ன மேஸ்திரியைத் தடுத்தது நான். ஆட்களை அதில் நிற்க அனுமதித்தது நான், அன்றைக்கும் தலையாட்டியது நான். இறங்கிப் பார்க்காமல் வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னதும் நான். டிரைவர் செய்தது ஒன்றே ஒன்று, என் பேச்சைக் கேட்காமல் அந்த அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தது. மானேஜர் படித்துவிட்டு, "இது கீறிக் களையு. தான் எந்தினா வெறுதே?" என்றார். கிழித்துப் போடு, உனக்கு எதற்கு வீண் வம்பு என்று அக்கறையாகத்தான் சொன்னார். அவர் உலகத்தில் அது அன்பு. நான் பிரதி ஒன்றை முதலாளிக்கே அனுப்பிவிட்டேன் என்றேன். அனுப்பியிருக்கவில்லை. சொன்ன பிறகு ஓடிப்போய் அனுப்பினேன், எங்கே மறுபடியும் மனம் மாறிவிடுமோ என்ற பயத்தில்.

செல்லப்பனைத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஆனால் நிரந்தர உத்தரவு போடும் கூட்டம் அந்தப் பதினொரு நாளுக்குள் நடந்து முடிந்திருந்தது. விசாரணையில் இருப்பவன் பெயரை எடுக்க மாட்டார்களாம். இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். அவன் பெண் அந்த வருஷம் நர்சிங்கில் சேரவில்லை, சாலைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனாள். மரியபுஷ்பத்தின் ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி ஏற்றது. கால் சேர்ந்துவிட்டது, நடை பழையபடி ஆகவில்லை. மலைச்சரிவில் நின்று கொழுந்து கிள்ள முடியாது என்று அவரைத் தொழிற்சாலையில் தூசி கூட்டும் வேலைக்கு மாற்றினார்கள். என்னை வண்டிகளிலிருந்து எடுத்து ஸ்டோர் ரூமில் உட்கார வைத்தார்கள், இரண்டு வருஷம். மூன்று பேரில் மிகக் குறைவாக இழந்தவன் நான்.

ராக்கை வெட்டக் கரமனைக்கு நானே கொண்டுபோனேன். மேஸ்திரி காஸ் கட்டரைப் பற்ற வைத்தார். வெட்டி முடிக்க ஒரு பகல் முழுக்க ஆயிற்று.

செல்லப்பன் வேலைக்குத் திரும்பிய வாரத்தில், வைப்பர் பிளேடு வாங்க ஸ்டோருக்கு வந்தான். நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். பிளேடைத் தேடுகிற சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டு, "செல்லப்பா, நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்றேன்.

அவன் போய்விட்டானோ என்று திரும்பிப் பார்த்தேன். நின்றுகொண்டிருந்தான். கோபம்கூட இல்லை அவன் முகத்தில்.

"பதினோரு நாளு சாரே" என்றான். "முதல் ரெண்டு நாளு, சார் எப்படியும் சொல்லிருவாருன்னு வீட்டுல சொல்லிக்கிட்டிருந்தேன். மூணாம் நாளுலேருந்து வீட்டுக்காரி கேக்கல்லே. நானும் சொல்லல்லே."

பிளேடை வாங்கிக்கொண்டு, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். அதன் பிறகும் பல வருஷம் ஒரே ஷெட்டில் இருந்தோம். பார்த்தால் வணக்கம் சொல்வான். என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை.

ராக் எதை வேண்டுமானாலும் வாங்குங்கள். தப்பாக வாங்கினாலும் வெட்டி எடுத்துவிடலாம். ஆனால் இதைச் செய்தது யார் என்று ஒரு நாள் உங்களையும் கேட்பார்கள். பக்கத்தில் ஒருவன் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அவன் வீட்டில் இரண்டு நாள்தான் உங்களை நம்புவார்கள்.